நீர்நாய் வாழும் கரை நிலத்தையும் காக்கும்

கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றுக்குச் சென்ற மாசி மாதம் போயிருந்தேன். வாழையில் வாடல் நோய் கண்டிருக்கிறது என்று ஒரு விவசாயி அழைத்திருந்தார். தோட்டத்தைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்ததும், "ஐயா, இன்னொன்றும் காட்ட வேண்டும்" என்று என்னை ஆற்றோரம் அழைத்துச் சென்றார்.

அங்கே அவருடைய நிலம் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக முடிந்திருந்தது. பத்தடிக்குக் கீழே மணல். "2018 வெள்ளத்தில் பத்து சென்டு ஆற்றோடு போயிற்று, ஐயா. மோட்டார் கொட்டகையும் போயிற்று. 2022-இல் வந்த தண்ணீர் இன்னும் ஒரு வரிசை வாழையைக் கொண்டுபோயிற்று" என்றார்.

ஐம்பது கெஜம் தள்ளிப் பக்கத்து நிலத்துக்காரரின் கரை இருந்தது. அது சரிவாக இறங்கி, நாணலும் கோரையும் தாழையுமாய் அடர்ந்து கிடந்தது. மேலே இரண்டு பெரிய நீர்மருது மரங்கள். அந்தக் கரையில் ஒரு சாண்கூட அறுபடவில்லை. "அவர் கரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாத மனிதர் என்று ஊரில் சொல்வோம்" என்று நண்பர் சிரித்தார்.

அந்த நாணலுக்குக் கீழே ஈர மணலில் காலடித் தடங்கள் இருந்தன. நாயின் தடத்தில் நான்கு விரல்கள் பதியும். இதில் ஐந்து விரல்களும், விரல்களுக்கிடையே தோலும் பதிந்திருந்தன. பக்கத்துப் பாறையில் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் கிடந்தது. நீர்நாய்! நண்பரின் முகம் மாறியது. "இதைக் காட்டத்தான் அழைத்து வந்தேன். என் குட்டை மீனைத் தின்பது இந்தக் கூட்டம்தான். மருந்து வைத்துவிடலாமா, ஐயா?" என்று கேட்டார்.

அவருக்கு அன்று நான் சொன்ன பதிலையே விரிவாக இங்கே எழுதுகிறேன். கரையோரத்தில் அரை ஏக்கரோ, ஒரு ஏக்கரோ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது பயன்படும்.

நீர்நாய் யார்?

இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் உள்ளன. காவிரி, கொள்ளிடம், மோயாறு போன்ற ஆறுகளில் நாம் காண்பது வழுவழுப்பான மயிருடைய பெரிய வகை. வளர்ந்தது 7 முதல் 11 கிலோ வரை எடை இருக்கும். குடும்பமாகவே வாழும்; குடும்பமாகவே வேட்டையாடும். மீனே முக்கிய உணவு. அதோடு நண்டு, இறால், தவளை, சில வேளைகளில் எலியையும் தின்னும். குட்டிகள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியும் அடுத்துவரும் பனிக்காலத்திலும் பிறக்கின்றன. ஓர் ஈற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குட்டிகள். கரையிலுள்ள வளைகளிலும், மர வேர்களின் இடுக்கிலும், பாறை மறைவிலும் தாய் குட்டிகளை வைத்து வளர்க்கிறது.

மருதநிலத்துக்கு நீர்நாய் புதிய விருந்தாளி அல்ல. குறுந்தொகையிலேயே பிரம்புப் புதரிலிருந்து வாளை மீனைப் பிடித்துண்ணும் நீர்நாய் வருகிறது. ஆறும் புதரும் மீனும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு வாழ்வு என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர்.

இன்று உலக அளவில் அது அழியும் அபாயத்துக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் உள்ளது. தோலுக்காகவும் வளர்ப்புப் பிராணியாகவும் அதைக் கடத்துவது பெருகியதால், 2019-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு அதன் வணிகத்தை முற்றிலும் தடை செய்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வதும் பிடிப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே "மருந்து வைக்கலாமா?" என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் "கூடாது" என்பதே. மீனில் தடவி வைக்கும் விஷம் நாயையும் பருந்தையும் கொல்லும். தண்ணீர் குடிக்க வரும் மாட்டையும் விடாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பருவம் மாறுகிறது

நீர்நாய்க்கும் நமக்கும் இன்று ஒரே கஷ்டம்தான். வந்தால் வெள்ளமாக வருகிறது. இல்லாவிட்டால் ஆறு வறண்டு கிடக்கிறது.

2016-ஆம் ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கனஅடி அளவில் நீர் திறந்துவிடப்பட்டது. கொள்ளிடம் கரை ததும்பியது. முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியில் பழைய இரும்புப் பாலம் இடிந்தது. பிறகு 2023-இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டும், நீர் போதாமல் அக்டோபர் 10-ஆம் தேதியே மூடப்பட்டது. வழக்கமாக ஜனவரி 28 வரை வரவேண்டிய நீர் அது. அடுத்த ஆண்டு 2024 ஜூலை 30 அன்று அதே அணை 120 அடியை எட்டி நிரம்பி வழிந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாக வெப்பமடைந்தால், அது சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். ஆகவே கனமழை மேலும் கனமாகிறது. மழை இல்லாத நாட்களிலோ அதே வெப்பம் மண்ணின் ஈரத்தை விரைவாக உறிஞ்சிவிடுகிறது. வானத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் வெள்ளத்தைத் தாங்கவும் வறட்சியில் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கவும் ஆற்றுக்குத் தெரியும். அதற்கு அது மூன்று உறுப்புகளை வைத்திருக்கிறது. அவை கரை, மணல், மடு. இவற்றை நாம் அழித்துவிட்டு வெள்ளத்தையும் வறட்சியையும் குறை சொல்வதில் பயனில்லை.

கரை, மணல், மடு

முதலாவது கரை. வெள்ளம் வரும்போது நாணலும் கோரையும் தண்ணீரோடு படுத்துக்கொள்கின்றன. தண்ணீரின் வேகம் அவற்றின் மேல் ஓடுகிறது; மண்ணைத் தொடுவதில்லை. வேகம் குறைந்த இடத்தில் வண்டல் படிகிறது. வெறும் மண்கரையோ அடியில் அரிக்கப்பட்டு, மேல்பகுதி பாளம் பாளமாக விழுகிறது. ஓரம்வரை வாழையோ காய்கறியோ வைத்த நிலத்தில் இதுதான் நடக்கிறது. வாழை வேர் மேலோட்டமானது. அது கரையைப் பிடிக்காது. "ஆறு கெட நாணல் இடு" என்று ஒரு பழமொழியை நாம் தவறாகவே சொல்லி வருகிறோம். "ஆறு கெடாமல் இருக்க நாணல் இடு" என்பதே அதன் பொருள் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். கொள்ளிடக் கரையில் அதைக் கண்ணால் கண்டேன்.

கரை மரத்தின் நிழலும் முக்கியமானது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கோடையில் நீர் குறைந்து, சூடாகி, அதோடு அழுகிய பொருளும் சேர்ந்தால் பிராணவாயு மேலும் குறைந்து, மீன் வாய்பிளந்து மேலே வந்து செத்து மிதக்கும். மீன் இல்லாத ஆற்றில் நீர்நாய்க்கு என்ன வேலை?

இரண்டாவது மணல். ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல. அது தண்ணீர்த் தொட்டி. நல்ல பருமணலில் அதன் கொள்ளளவில் சுமார் கால்பங்கு நீர் கிணற்றுக்கு ஊறிவரக்கூடிய நீராக நிற்கும். அந்தக் கணக்கில் ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ மணல் சுமார் 10 லட்சம் லிட்டர் நீரைத் தருகிறது. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் நூறு நடை தண்ணீர்! அந்த மணலை அள்ளினால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். ஆற்றின் படுகை தாழ்ந்து, வாய்க்கால் தலைப்பு உயரத்தில் நின்றுவிடும்; ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறாது. ஆமை முட்டையிடுவதும், நீர்நாய் புரண்டு மயிரை உலர்த்துவதும் அதே மணலில்தான்.

மூன்றாவது மடு. ஆறு வறளும்போது ஆங்காங்கே ஆழமான மடுக்களில் மட்டும் நீர் நிற்கும். அடுத்த பருவத்தில் ஆற்றை நிரப்பவேண்டிய தாய்மீன்களெல்லாம் அங்கேதான் ஒதுங்குகின்றன. நீர்நாய்க் குடும்பங்களும் அங்கே கூடுகின்றன. மடு என்பது ஆற்றின் விதைக்கோட்டை. விதை நெல்லைச் சமைத்துத் தின்னும் விவசாயி உண்டா?

கரையோர விவசாயி செய்யவேண்டியவை

1. கரைப் பட்டை விடுங்கள். நிலத்தின் ஆற்றோர விளிம்பில் குறைந்தது 15 அடி அகலத்துக்கு உழாமல், எரிக்காமல் விடவேண்டும். முடிந்தவர்கள் 30 அடி விடலாம். 200 அடி நீளக் கரை உள்ளவருக்கு 15 அடிப் பட்டை என்பது 3,000 சதுர அடி, அதாவது ஏழு சென்டு. ஏழு சென்டு சிறு விவசாயிக்குச் சிறிதல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் என் நண்பர் பட்டை விடாமல் இழந்தது பத்து சென்டும் ஒரு மோட்டார் கொட்டகையும்.

இந்தப் பட்டையை மூன்று அடுக்காக அமைக்கலாம். நீரோரச் சரிவின் அடியில் நாணல், கோரை. நடுச்சரிவில் நொச்சி, தாழை, புங்கன். மேலே நீர்மருது, நாவல், இலுப்பை, மூங்கில். நாணல் கிழங்கு வழியாக வயலுக்குள் நுழையக்கூடியது. எனவே அதைக் கீழ்ச்சரிவோடு நிறுத்தி, வயல் பக்கத்து விளிம்பில் வெட்டிவேரை ஒரு வரிசை வையுங்கள். நாம் பயிரிடும் வெட்டிவேர் பரவுவதில்லை. வேர் நேராக ஆறு, ஏழு அடிக்கும் கீழே இறங்கிக் கரையைத் தைத்துப் பிடிக்கும்.

வெள்ளம் வடிந்து ஈரம் இருக்கும் தை, மாசி மாதங்களில் நாணலும் வெட்டிவேரும் வைத்தால், ஆடியில் தண்ணீர் வருமுன் வேர் ஊன்ற ஐந்து மாதம் கிடைக்கும். வெட்டிவேர்த் தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் நடவேண்டும். முதல் கோடையில் வாரம் இருமுறை குடத்தால் நீர் ஊற்றுங்கள். மரக்கன்றுகளை ஐப்பசி மழையில், ஒன்றரை அடிக் குழியெடுத்து, 15 அடி இடைவெளியில் நடலாம்.

பட்டையிலிருந்து வருமானமும் உண்டு. புங்கன், நொச்சித் தழை நெல்வயலுக்குத் தழை உரம். இலுப்பை விதை, நாவற்பழம், மூங்கில், கூரை வேய நாணல் எல்லாம் கிடைக்கும். ஒரே ஆண்டில் முழுவதையும் அறுக்காமல் பாதி பாதியாக அறுத்தால் குட்டி போட்ட நீர்நாய்க்கும் மறைவு இருக்கும். மழைக்குப் பின் கரைப்புதருக்குத் தீ வைக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். வளைக்குள் இருக்கும் குட்டிகளால் ஓடமுடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். அரசின் வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் அனுமதியின்றி மரம் நடக்கூடாது. நீர்வளத் துறையைக் கேட்டே செய்யவேண்டும். அடுத்து, ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையில் நீர் நேராக மோதும். அங்கே புல்லும் மரமும் மட்டும் போதாது. கருங்கல் அடுக்குத் தேவை. அதற்கு ஊராகச் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

2. வேண்டாத செடிகளை அகற்றுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத் தாமரையும் வாய்க்காலையும் ஆற்றையும் அடைத்து, நீரின் பிராணவாயுவைக் குறைக்கின்றன. சீமைக் கருவேலமும் கரையை ஆக்கிரமிக்கிறது. ஆனால் முழுக்கரையையும் ஒரே நாளில் இயந்திரத்தால் வழித்துவிட்டு வெறுமையாக விடக்கூடாது. நூறடி அகற்றி, அங்கே நம் நாட்டுச் செடியை நட்டுவிட்டு, அடுத்த நூறடிக்குப் போங்கள்.

3. மடுவை இறைத்து வற்றவிடாதீர்கள். கோடையில் கருகும் பயிரை வைத்துக்கொண்டு மடுவில் ஆயில் என்ஜின் இறக்காதே என்று சொல்வது எளிதல்ல. ஆகவே பயிர் வைக்குமுன் முடிவு செய்யுங்கள். மடுவை நம்பிக் கோடை நெல் போடாமல் உளுந்து, எள் போன்ற குறைந்த நீர்ப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். வாழைக்கும் காய்கறிக்கும் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தால் நீர்த் தேவை பெருமளவு குறையும். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு மானியம் உண்டு. ஊரில் ஒரே ஒரு மடுவையாவது, ஆள் கழுத்தளவு நீருக்குக் கீழே யாரும் இறைப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த மடுவில் வெடி போடுவதும், பிளீச்சிங் பவுடரோ பூச்சிமருந்தோ கலந்து மீன் பிடிப்பதும் கூடாது. அது ஒரு நாள் குழம்புக்காக ஒரு வருட மீனை அழிப்பதாகும்.

4. பூச்சிமருந்தை ஆற்றுக்கு அனுப்பாதீர்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. நெல்லில் நட்ட முதல் 40 நாட்களில் இலையைத் தின்னும் புழுவுக்காக மருந்து தெளிப்பது பெரும்பாலும் வீண். பயிர் தானே தூர்கட்டி ஈடுசெய்துகொள்ளும். தேவைப்பட்டால் ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். இரசாயன மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், அடித்தபின் ஒரு வாரமாவது வயல்நீரை வடிகாலில் திறந்துவிடாதீர்கள். கரையோரம் 15 அடிக்குள் தெளிக்காதீர்கள். தெளிப்பானையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் கழுவாதீர்கள். கழுவிய நீரை வயலிலேயே ஊற்றுங்கள்.

5. மணலைக் காப்பது ஊரின் வேலை. சிறு பரப்பிலான மணற்குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அனுமதியில்லாத அள்ளுதலைத் தனியொருவர் எதிர்த்து நிற்பது ஆபத்து. கிராமசபையில் தீர்மானம் போட்டு, எழுத்து மூலம் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு அனுப்புவதே சரியான வழி.

குட்டையில் மீன் வளர்ப்பவர்களுக்கு

இனி, நண்பரின் உண்மையான குறைக்கு வருகிறேன். வளர்ந்த நீர்நாய் ஒன்று நாளுக்குச் சுமார் ஒரு கிலோ மீன் தின்னும். ஐந்தாறு கொண்ட குடும்பம் பத்து சென்டுக் குட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் நஷ்டம் சிறிதல்ல. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

குட்டையைச் சுற்றி நான்கடி உயரக் கம்பிவலை வேலி போடுங்கள். நீர்நாய் தோண்டிக்கொண்டு நுழையும். எனவே வலையின் அடிப்பகுதியை ஓரடி மண்ணுக்குள் புதைக்கவேண்டும். நீர் வரும் குழாயின் வாயிலும் வலை தேவை. குட்டையின் கரையில் மட்டும் புதரில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த மீனை நீண்ட நாள் வைத்திராமல் தவணை தவணையாகப் பிடித்து விற்றுவிடுங்கள். மின்கம்பி வைப்பது கூடவே கூடாது. அதில் முதலில் சாவது பெரும்பாலும் வீட்டு ஆளோ வீட்டு மாடோதான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆற்றில் மீன் உள்ளவரை நீர்நாய்க்கு ஆறே போதும். மடு வற்றி, மீன் குறைந்தபோதுதான் அது வேலி தாண்டும் துணிவு கொள்கிறது. நண்பரின் குட்டைக்கு அது வரத் தொடங்கியதும் ஆறு வற்றிய ஒரு கோடையில்தான் என்பதை அவரே பேச்சினிடையே சொன்னார்.

மீன் விட்டால் மட்டும் ஆறு மீளாது

"ஆற்றில் மீன்குஞ்சு விட்டால் எல்லாம் சரியாகிவிடுமே" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்குக் காவிரியின் மேல்பகுதியிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. காவிரி ஆற்றுத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பெருங்கெண்டை ஒன்று உண்டு. முதுகில் திமில்போல் உயர்ந்த மகசீர் மீன் அது. 50 கிலோவுக்கும் மேல் வளரும். காவிரியில் மகசீர் பெருகட்டும் என்று நல்லெண்ணத்தோடு வேறு ஆற்றைச் சேர்ந்த நீலத் துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் விட்டார்கள். வந்த மீன் பெருகியது. சொந்த மீன் சுருங்கியது. 2018-இல்தான் அந்தத் திமில் மகசீரின் சரியான அறிவியல் பெயர் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டிலேயே அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. மோயாறு போன்ற சில இடங்களில்தான் இன்று எஞ்சியுள்ளது.

ஆகவே, கண்ட மீனை ஆற்றில் விடுவது ஆற்றை மீட்பதாகாது. மீன் தானே முட்டையிட்டுப் பெருகும் இடத்தைத் திருப்பித் தருவதே மீட்பு. குட்டையில் வளர்க்கும் திலேப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அயல் மீன்களை ஆற்றில் கலக்கவிடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதே தடை செய்யப்பட்டுள்ளது.

அரசும் தன் பங்குக்குச் செயல்படுகிறது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய், முதலை, அருகிவரும் ஒருவகை மென்னோட்டு ஆமை முதலியன அங்கே வாழ்கின்றன. ஆனால் சமவெளிக்கு வந்தபின் ஆற்றின் இரு கரையும் பெரும்பாலும் விவசாயியின் கையில்தான் இருக்கிறது. அங்கே சரணாலயப் பலகை நட முடியாது. நாம் விடும் 15 அடிதான் அங்கே சரணாலயம்.

போனது திரும்பி வருமா?

வரும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே 1950-களில் விதைநேர்த்திக்கும் ஆட்டுக் குளிப்பாட்டலுக்கும் டீல்டிரின் முதலிய மருந்துகளைப் பயன்படுத்தினார்கள். அவை ஆற்றில் சேர்ந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற நீர்நாயில் சேர்ந்தன. நாட்டின் பெரும்பகுதியில் நீர்நாய் இல்லாமலே போயிற்று. மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன, நீர் சுத்தமாயிற்று, வேட்டை தடுக்கப்பட்டது. 2011-இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் திரும்பிவிட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் அறிவித்தது. அது வேறு வகை நீர்நாய், ஆறும் வேறு. ஆனால் வழி ஒன்றே. தொல்லையை நிறுத்தி, இடத்தைக் கொடுத்தால் மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும். அதற்கு அங்கே பிடித்த காலம் ஏறக்குறைய ஒரு தலைமுறை. இங்கேயும் பொறுமை வேண்டும்.

கொள்ளிடக் கரை நண்பர் அன்றே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "ஏழு சென்டை நாய்க்கு எழுதிவைக்கச் சொல்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டார். "நாய்க்கு அல்ல, மிச்ச நிலத்துக்குக் காவலாக" என்றேன். சிறிது நேரம் பக்கத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டைக்கு வேலி போட என்ன செலவாகும் என்று விசாரித்தார். பிறகு, பக்கத்து நிலத்துக்காரரிடம் நாணல் கிழங்கு கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சித்திரையில் தொலைபேசியில் பேசியபோது, எண்பது அடிக்கு நட்டிருப்பதாகவும் பாதிக்குமேல் துளிர்த்திருப்பதாகவும் தெரிவித்தார். விஷம் வைக்கவில்லை. அடுத்த வெள்ளத்தில் அந்த எண்பது அடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைச் செய்வாராம். விவசாயி அப்படித்தான், கண்டபின் நம்புவார். அதுவும் சரியே.

கரையோரம் நிலம் உள்ளவர்கள் இந்த ஆண்டு முழுவதையும் செய்ய வேண்டியதில்லை. எண்பது அடியோ, ஐம்பது அடியோ தொடங்குங்கள். காலையில் ஈர மணலில் ஐந்து விரல் தடம் தெரிந்தால், உங்கள் ஆற்றில் இன்னும் மீன் இருக்கிறது, மறைவு இருக்கிறது, நஞ்சு குறைவு என்று பொருள். அந்த நீர்தான் உங்கள் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் வருகிறது.

வெட்டிவேர், மரக்கன்றுகள், சொட்டுநீர் மானியம் ஆகியவற்றின் விவரங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும், தோட்டக்கலை அலுவலகத்தையும், வனத்துறை நாற்றங்காலையும் அணுகவும். காயமுற்ற நீர்நாயையோ வலையில் சிக்கியதையோ கண்டால் கையால் பிடிக்காமல் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.